எலும்புக்குக் குரல் கொடுக்கும் புரதம்... ‘குரோத் ஃபேக்டர்’ போட்டால் எலும்பு சீக்கிரம் சேருமா?

“எட்டு மாசம் ஆச்சு டாக்டர். கம்பி வெச்சீங்க, மாத்திரை கொடுத்தீங்க. ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னாங்க, அதையும் விடாம குடிச்சாச்சு. இன்னும் ஏன் சேரலை?”

எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு அப்படியே இருக்கும். அடுத்து டாக்டர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து இங்க வைக்கணும்.” சில இடங்களில் கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: “குரோத் ஃபேக்டர் சேர்த்துப் போடலாம். செலவு கொஞ்சம் ஆகும்.”

அந்த இடத்தில் குடும்பமே குழம்பிப்போகும். குரோத் ஃபேக்டர் என்றால் என்ன? ஊசியா, மருந்தா, உரமா? போட்டால் நிச்சயம் சேருமா? போடாவிட்டால் தப்பா?

எலும்பு எப்படிச் சேருகிறது என்று தெரிந்தால் இதற்கான விடை பாதி கிடைத்துவிடும்.

கட்டடம் கட்டுவது மாதிரிதான்

எலும்பு உடைந்த நொடியில் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த ரத்தக்கட்டிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. அதில் இருக்கும் தட்டணுக்கள் சில புரதங்களை வெளியே விடுகின்றன. அவை சுற்றியுள்ள செல்களுக்கு ‘இங்கே வாருங்கள்’ என்று செய்தி அனுப்புகின்றன. செல்கள் வருகின்றன, பெருகுகின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. முதலில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் ஒன்று உருவாகிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. மாதக்கணக்கில் செதுக்கி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை அதற்குப் பிறகும் நடக்கிறது.

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாரம் வேண்டும். கொத்தனார் வேண்டும். ‘இங்கே சுவர் எழுப்பு’ என்று சொல்ல மேஸ்திரி வேண்டும். எலும்பிலும் இதே மூன்று தேவைகள். செல்கள் பற்றி ஏறுவதற்கு ஒரு சட்டகம், எலும்பை உண்டாக்கும் செல்கள், அந்தச் செல்களுக்கு உத்தரவு போடும் செய்திப் புரதங்கள். இந்தச் செய்திப் புரதங்களைத்தான் ‘வளர்ச்சிக் காரணிகள்’ என்கிறார்கள். குரோத் ஃபேக்டர் என்பது மேஸ்திரியின் குரல்.

இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுக்கும் சொந்த எலும்பில் இந்த மூன்றுமே இருக்கின்றன. அதனால்தான் எலும்பு ஒட்டு சிகிச்சையில் அதற்கு இன்றும் முதல் மரியாதை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இன்னொரு இடத்தில் வெட்ட வேண்டும். கால் வலி போய் இடுப்பு வலி ஒட்டிக்கொண்டது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்கக்கூடிய அளவும் குறைவு.

இறந்தவர்கள் தானமாகத் தந்த எலும்பு, கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கை எலும்புத் துகள் ஆகியவையும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சாரம் மட்டுமே. கொத்தனாரும் மேஸ்திரியும் நோயாளியின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும். ‘சாரத்தோடு மேஸ்திரியின் குரலையும் சேர்த்து வைத்துவிட்டால் என்ன?’ என்ற யோசனை பிறந்தது இங்கேதான்.

தசைக்குள் முளைத்த எலும்பு

கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவைத்தால் ரப்பர் மாதிரி வளையும். கால்சியம் கரைந்துபோய் புரதம் மட்டும் மிஞ்சுவதே காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், ஏறக்குறைய இதையே ஆய்வுக்கூடத்தில் செய்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சியத்தை நீக்கிய எலும்புத் துண்டுகளை முயல், எலி போன்ற விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார்.

தசையில் எலும்புக்கு வேலையே இல்லை. ஆனால் சில வாரங்களில் அங்கே புது எலும்பு உருவாகியிருந்தது. உயிரில்லாத அந்தத் துண்டில் இருந்த ஏதோ ஒன்று, தசையில் இருந்த செல்களை எலும்பு செல்களாக மாற்றிவிட்டது. 1965-ல் இந்த முடிவை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார் யூரிஸ்ட். பின்னர் அந்தப் பொருளுக்கு ‘போன் மார்ஃபோஜெனிடிக் புரோட்டீன்’ என்று பெயர் வந்தது. சுருக்கமாக பி.எம்.பி.

அந்தப் புரதத்தைப் பிரித்தெடுப்பது லேசான வேலையாக இல்லை. ஒரு கிலோ எலும்பில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் அளவில்தான் அது இருக்கிறது. அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் இரண்டு இந்திய விஞ்ஞானிகள் வருகிறார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா போன ஹரி ரெட்டி, அவருடன் பணியாற்றிய டி.கே.சம்பத். இருவரும் 1981-ல் ஒரு முக்கியமான சோதனையை வெளியிட்டார்கள். கால்சியம் நீக்கிய எலும்பிலிருந்து கரையக்கூடிய புரதங்களைத் தனியாகப் பிரித்தார்கள். கரையாத கொலாஜன் சக்கை தனியாக நின்றது. சக்கையை மட்டும் எலியின் உடலில் வைத்தார்கள். எலும்பு வரவில்லை. கரைந்த புரதத்தை மட்டும் வைத்தார்கள். அப்போதும் வரவில்லை. இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து வைத்தபோது எலும்பு முளைத்தது.

சாரம் இல்லாத இடத்தில் மேஸ்திரி கத்தினாலும் பயனில்லை. மேஸ்திரி இல்லாமல் சாரம் மட்டும் நின்றாலும் சுவர் எழும்பாது. இன்று வரைக்கும் இந்தச் சிகிச்சையின் அடிப்படைப் பாடம் இதுதான்.

1988-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள் பி.எம்.பி புரதங்களின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு எலும்பை அரைத்துப் பிழிய வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களுக்குள் அந்த மரபணுவை வைத்து, வேண்டிய அளவு புரதத்தைத் தயாரிக்க முடிந்தது.

நல்ல செய்தி வந்த நாட்கள்

மனிதர்களிடம் சோதனைகள் தொடங்கின. உடைந்து சேராமல் போன கீழ்க்கால் எலும்புகள் 124-ல் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு இடுப்பெலும்பு ஒட்டு, சிலருக்கு பி.எம்.பி-7. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், ஒட்டு வைத்தவர்களில் 85 சதவிகிதம், புரதம் வைத்தவர்களில் 81 சதவிகிதம் வெற்றி. ஏறக்குறைய சமம். ஆனால் ஒட்டு எடுத்தவர்களில் 20 சதவிகிதத்துக்கும் மேலானவர்களுக்கு, எலும்பு எடுத்த இடத்தில் வலி நீடித்தது. புரதம் வைத்தவர்களுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. 2001-ல் குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அடுத்தது பி.எம்.பி-2. எலும்பு உடைந்து, தோலும் கிழிந்து, காயம் திறந்திருக்கும் கீழ்க்கால் முறிவு கொஞ்சம் வில்லங்கமானது. அந்த எலும்பின் முன்பக்கம் தசை கிடையாது, தோல் மட்டும்தான். ரத்த ஓட்டம் குறைவு. இப்படிப்பட்ட 450 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளியானது. பி.எம்.பி-2 ஊறிய கொலாஜன் பஞ்சை முறிவில் வைத்தவர்களில், அதிக அளவு புரதம் பெற்றவர்களுக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படும் அபாயம் 44 சதவிகிதம் குறைந்திருந்தது.

அதே 2002-ல் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி எலும்புகளை இணைக்கும் ஒரு குறிப்பிட்ட அறுவை சிகிச்சைக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பி.எம்.பி-2-வை அனுமதித்தது. மெட்ரானிக் நிறுவனம் ‘இன்ஃப்யூஸ்’ என்ற பெயரில் விற்றது. 2004-ல் கீழ்க்கால் முறிவுக்கும், 2007-ல் பல் சிகிச்சையில் தாடை எலும்பை உயர்த்தும் சில வேலைகளுக்கும் அனுமதி வந்தது.

குரல் அதிகமானால் என்ன ஆகும்?

உடம்பில் ஒரு கிலோ எலும்புக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் புரதம் இது. இன்ஃப்யூஸ் பெரிய பெட்டியில் இருந்தது 12 மில்லிகிராம். அதாவது 12,000 மைக்ரோகிராம். ஏன் இவ்வளவு? பஞ்சில் ஊறவைத்த புரதம் அங்கேயே தங்குவதில்லை. முதல் சில நாட்களிலேயே பெரும்பகுதி கசிந்து ஓடிவிடுகிறது. ஓடியது போக மிச்சம் இருப்பது வேலை செய்ய வேண்டும் என்றால், தொடக்கத்தில் நிறைய வைக்க வேண்டியிருக்கிறது.

கசிந்து ஓடியது எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் இடத்துக்குத்தான். அங்கேயும் போய் அது ‘எலும்பு கட்டு’ என்றே சொல்லும்.

அனுமதி கிடைத்தது கீழ்முதுகுக்கு மட்டும் என்றாலும், பல மருத்துவர்கள் கழுத்து எலும்பிலும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2008 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நான்கு ஆண்டுகளில் குறைந்தது 38 புகார்கள் வந்திருந்தன. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களில் கழுத்து வீங்கி, விழுங்க முடியாமல், மூச்சுவிட முடியாமல் போனவர்கள் அதில் இருந்தார்கள்.

2011 ஜூனில் ‘தி ஸ்பைன் ஜர்னல்’ என்ற மருத்துவ இதழ் இதைப் பற்றியே ஓர் இதழை ஒதுக்கியது. நிறுவனத்தின் உதவியோடு நடந்த 13 ஆரம்பகால ஆய்வுகளை அந்த இதழின் மருத்துவர்கள் மறுபடி அலசினார்கள். புரதம் பெற்ற 780 பேரில் ஒருவருக்குக்கூட அதனால் பக்கவிளைவு வரவில்லை என்பதுபோல அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன. உண்மையான அபாயம், அந்தக் கட்டுரைகள் காட்டியதைவிட 10 முதல் 50 மடங்கு அதிகமாக இருக்கலாம் என்று மறு ஆய்வு சொன்னது. தேவையில்லாத இடத்தில் எலும்பு வளர்வது, நரம்பு வலி, பக்கத்து எலும்பு கரைவது, ஆண்களுக்கு மலட்டுத்தன்மை என்று பட்டியல் நீண்டது.

2012-ல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் விசாரணை அறிக்கை வந்தது. அந்த ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவதிலும் திருத்துவதிலும் நிறுவனத்தின் கை இருந்தது என்றும், அவற்றை எழுதிய மருத்துவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய 21 கோடி டாலர் போயிருக்கிறது என்றும் அது சொன்னது. தவறு எதுவும் செய்யவில்லை என்றது நிறுவனம்.

இதற்கு நடுவே நிறுவனம் தன்னிடம் இருந்த சோதனைத் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்கள் அவற்றைத் தனித்தனியாக ஆராய்ந்தன. 2013-ல் முடிவு வந்தது. முதுகெலும்பு இணைப்பு சிகிச்சையில், நோயாளியின் வலியும் நடமாட்டமும் எவ்வளவு முன்னேறின என்று பார்த்தால், இடுப்பெலும்பு ஒட்டைவிட பி.எம்.பி-2 குறிப்பிடும்படி மேலானது இல்லை. புற்றுநோய் அபாயம் சிறிதளவு கூடலாம் என்ற சந்தேகமும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் எண்ணிக்கையில் அது மிகக் குறைவு.

கீழ்க்கால் முறிவிலும் இன்னொரு சோதனை நடந்தது. எலும்புக் குழாயைக் குடைந்து அகலப்படுத்தி, தடித்த கம்பியை இறுக்கமாகப் பொருத்தும் முறை அதற்குள் பரவலாகியிருந்தது. அந்த முறையில் சிகிச்சை பெற்ற 277 பேரை ஆராய்ந்தார்கள். 20 வாரத்தில் எலும்பு சேர்ந்தவர்கள், பி.எம்.பி-2 வைத்தவர்களில் 68 சதவிகிதம். வைக்காதவர்களில் 67 சதவிகிதம்.

கம்பியை நன்றாகப் பொருத்தி எலும்பு அசையாமல் நின்றால், உடம்பின் சொந்த மேஸ்திரியே போதும் என்பதுதான் இதற்கு அர்த்தம். பி.எம்.பி-7 சந்தையிலிருந்தே போய்விட்டது. பி.எம்.பி-2 இன்றும் இருக்கிறது, ஆனால் முன்பைவிட அளவாகவும் கவனமாகவும் பயன்படுத்தப்படுகிறது.

நிற்காத குரல்

இந்தச் செய்திப் புரதத்தை ஏன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இயற்கையே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. எஃப்.ஓ.பி என்ற மிக அரிய பிறவி நோய். இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு, கீழே விழுந்து அடிபட்டால், சில சமயம் ஊசி போட்டால்கூட, அந்த இடத்தில் தசை எலும்பாக மாறத் தொடங்கும். வளர வளர தோள், முழங்கை, இடுப்பு என ஒவ்வொரு மூட்டாகப் பூட்டிக்கொள்ளும். 2006-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பி.எம்.பி-யின் செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் ‘காது’ போன்ற ஒரு பகுதியில் மரபணுப் பிழை. மேஸ்திரி பேசாதபோதும் அந்தக் காதுக்கு உத்தரவு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கே ‘குரோத் ஃபேக்டர்’ என்று சொல்வது எதை?

ஒரே சொல்லை வைத்துப் பல விஷயங்களைச் சொல்வதால்தான் குழப்பம். நம் ஊர் பல் மருத்துவமனைகளிலும் எலும்பு சிகிச்சை மையங்களிலும் குரோத் ஃபேக்டர் என்றால் பெரும்பாலும் பி.ஆர்.பி அல்லது பி.ஆர்.எஃப். நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, வேண்டிய இடத்தில் வைப்பது. பி.ஆர்.எஃப் முறையை 2001-ல் அறிமுகப்படுத்தியவர் பிரான்சைச் சேர்ந்த ஜோசப் சூக்ரூன்.

சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு. பல் பிடுங்கிய இடத்தில் காயம் ஆற இது உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தட்டணுக்களில் இருப்பது, செல்களை வரவழைக்கும், பெருகச் செய்யும், ரத்தக் குழாயை முளைக்கச் செய்யும் வேறு புரதங்கள். ஆய்வுக்கூடத்தில் தயாராகும் பி.எம்.பி-யும் இதுவும் ஒன்றல்ல. மாதக்கணக்கில் சேராத கால் எலும்பை இது மட்டுமே சேர்த்துவிடும் என்று சொல்ல இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை.

தட்டணுக்களில் இருக்கும் புரதங்களில் ஒன்றான பி.டி.ஜி.எஃப்-ஐ ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, செயற்கை எலும்புத் துகளோடு சேர்த்து வைப்பது இன்னொரு வகை. 434 பேரிடம் நடந்த சோதனையில், கணுக்கால் எலும்புகளை இணைக்கும்போது இது சொந்த எலும்பு ஒட்டுக்கு இணையாக வேலை செய்தது. இடுப்பை வெட்ட வேண்டிய தேவையும் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அப்படியானால் ஆட்டுக்கால் சூப்? எலும்பில் பி.எம்.பி இருப்பது உண்மைதான். ஆனால் கொதிக்கும்போதே அது சிதைந்துவிடும். மிஞ்சியதையும் வயிறு மற்ற புரதங்களைப்போலவே செரித்துவிடும். சூப் உடம்புக்குத் தெம்பு. உடைந்த இடத்துக்கு அது எந்த உத்தரவையும் கொண்டுபோகாது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

குரோத் ஃபேக்டர் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எலும்பு ஏன் சேரவில்லை? கிருமித் தொற்று, கம்பி தளர்ந்திருப்பது, ரத்த ஓட்டக் குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகைப்பழக்கம். இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அடித்தளம் ஆடும் இடத்தில் மேஸ்திரியை மாற்றி என்ன பயன்?

2. நீங்கள் சொல்லும் குரோத் ஃபேக்டர் எது? சொந்த ரத்தத்தில் எடுப்பதா, தயாரித்த புரதமா? பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. எனக்கு வைக்கப்போகும் இடத்துக்கு இது அனுமதிக்கப்பட்டதா? அனுமதி இல்லாத இடத்திலும் சில சமயம் நியாயமான காரணத்தோடு மருத்துவர்கள் பயன்படுத்துவது உண்டு. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

4. எனக்கு இது கூடாது என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? கர்ப்பிணிகள், எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகள், அந்த இடத்தில் கட்டியோ கிருமித் தொற்றோ உள்ளவர்கள் ஆகியோருக்கு பி.எம்.பி-2 வைக்கக் கூடாது. அதைத் தாங்கும் பஞ்சு மாட்டின் கொலாஜனில் செய்தது. அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கூடாது.

5. இது இல்லாமல், இடுப்பெலும்பு ஒட்டு மட்டும் வைத்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கடன் வாங்கிச் செய்யும் சிகிச்சை என்றால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது.

எல்லா வழியும் பார்த்தும் சேராத எலும்பு, இடுப்பில் எடுக்கப் போதுமான எலும்பு இல்லாத நிலை, ஏற்கெனவே ஒருமுறை எடுத்தாகிவிட்டது போன்ற சூழலில் ஒரு நல்ல மருத்துவர் கவனமாகப் பயன்படுத்தும் வளர்ச்சிக் காரணி, ஒருவரை மறுபடி நடக்கவைக்கலாம். அடுத்த கட்டமாக, புரதம் ஒரே நாளில் கசிந்து ஓடாமல் மெல்ல மெல்ல வெளிவரும்படி தாங்கும் பொருட்களை உருவாக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. அளவைக் குறைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் வேலை வாங்குவதுதான் அவற்றின் நோக்கம்.

அதுவரை, எட்டு மாதம் காத்திருந்தவர் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘குரோத் ஃபேக்டர் போடலாமா?’ என்பதல்ல. “என் எலும்பு ஏன் சேரலை டாக்டர்?” என்பதுதான்.